ஒப்ரிகாடா

"எல்லாத்துக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டு, போதும். இப்படி வட்டம் மட்டும் போட்டுடாத."

அன்பு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துக் காட்டிவிட்டு, சட்டென்று கையை மடக்கிக்கொண்டான்.

"நம்ம லைன்ல பீஸ் ஓகேன்னா அப்படித்தானே காட்டுவோம்?" என்றாள் ஷெர்லின்.

"அங்க அது கெட்ட வார்த்தை. முதல் நாளே மொத்த லைனுக்கும் காட்டிட்டேன்."

ஷெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரகடத்தில் அவர்கள் வேலை பார்க்கும் கியர்பாக்ஸ் கம்பெனிக்கு பிரேசிலிலும் ஓர் ஆலை உண்டு. அன்பு மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே போய், பொங்கலுக்கு முன்புதான் திரும்பியிருந்தான். அடுத்தது ஷெர்லினின் முறை. ஒரகடத்துக்கு மாற்றலாகி வந்து ஆறே மாதம்தான் ஆகிறது. யோசனை கேட்பதற்காக, மண்ணூரில் இருக்கும் அவன் வீட்டுக்கு இன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தாள்.

வந்ததும் வாசலிலேயே ஞானம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்டியே எனக்கு ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா. அவன் பொண்டாட்டி ரஞ்சனி போயி ரெண்டு வருசம் ஆவுது. அஞ்சு பொண்ணு பாத்துட்டேன். எல்லாத்தையும் வேணாங்கறான். இன்னாடான்னு கேட்டா மொகத்த திருப்பிக்கினு போறான். எனக்கும் வயசாவுது. நானும் போய்ட்டா இந்த வூட்ல அவன் யார்கிட்ட பேசுவான்?"

அன்புவின் மனைவி இறந்துபோனது ஷெர்லினுக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் பேசுவதில்லை என்பதும் தெரியும். அதை எப்படிக் கேட்பது? அவள் ஊசியைப் பற்றிக் கேட்டாள்.

"மஞ்சக் காய்ச்சல் ஊசி. கிண்டியில போடுறாங்க. கிளம்புறதுக்குப் பத்து நாள் முன்னாடியே போட்டுடு. குடுக்கிற அட்டையை பாஸ்போர்ட்டோட வெச்சுக்க. அது இல்லாம திரும்பி வந்தா ஆறு நாள் தனியா அடைச்சு வெச்சுடுவாங்க."

"டிரெஸ்?"

"நீ போறது ஜூலை. அங்க அதான் குளிர்காலம். ஸ்வெட்டர் எடுத்துக்க. சிம் வாங்கப் போறப்ப லூசியானாவக் கூட்டிட்டுப் போ. தனியாப் போனா அலைய விடுவாங்க."

"சாப்பாடு?"

"நாமளே தட்டுல எடுத்துக்கிட்டுப் போயி தராசுல வெக்கணும். எடைக்குத்தான் காசு. கொழம்ப நெறைய ஊத்திக்காத, அதுவும் எடையில சேரும். லூசியானா சொன்னா."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ரோட்டுல செல்போன கையில வெச்சுக்கிட்டு நடக்காத, பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. முதல் ஒரு வாரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் லூசியானா கூட வருவா. நான் சொல்லிட்டேன்."

"யாருண்ணா அது?"

"குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்காங்க."

"அங்க பாத்தவொடனே கன்னத்தோட கன்னம் வெப்பாங்களாமே. உங்களுக்கும் வெச்சாங்களா?"

அன்பு ஜன்னல் பக்கம் பார்த்தான். "ஊசி போட மறந்துடாத."

"அம்மா, காபி" என்று அவன் குரல் கொடுப்பதற்குள் ஞானம்மாவே இரண்டு டம்ளர்களோடு வந்துவிட்டாள்.

"ஒப்ரிகாடா" என்று வாங்கிக்கொண்டான்.

"நன்றியாம். ஊர்லர்ந்து வந்ததுலர்ந்து தண்ணி குடுத்தாலும் இதான், சோறு போட்டாலும் இதான்" என்றாள் ஞானம்மா.

ஷெர்லின் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணா, ஆன்லைன் கிளாஸ்ல எங்களுக்கு முதல் பாடமே இதான். ஆம்பள சொன்னா ஒப்ரிகாடோ. பொம்பள சொன்னாத்தான் ஒப்ரிகாடா. நீங்க ஏதோ ஒரு பொண்ணு சொல்லச் சொல்லக் கேட்டே கத்துக்கிட்டு வந்திருக்கீங்க!"

"வாய்ப் பழக்கம்" என்றான். காது மடல் சிவந்துவிட்டது. "ஷிஃப்ட் பஸ் வந்துடும்" என்று எழுந்து செருப்பை மாட்டினான். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அவன் தெருமுனை திரும்பும்வரை இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க புள்ள நல்லா மாட்டிக்கிட்டாரு ஆன்ட்டி!"

"மூணு வாட்டி சொன்னான் அந்தப் பேர. உள்ள எண்ணிக்கினுதான் இருந்தேன்." ஞானம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஞாயித்துக்கெழம ஆனா போன எடுத்துக்கினு மாடிக்குப் போறான். சிரிக்கிற சத்தம் கேக்குது. ஆபீஸ் போன்னு நெனச்சேன் பாரு. ஆபீஸ் போன்ல எவன் சிரிப்பான்?"

"வேற நாடு, வேற பாஷை. உங்களுக்குச் சம்மதமா?"

"அவன் சிரிக்கிறான்மா. அதுக்கு மேல நான் இன்னா கேக்கப் போறேன்?"

எழுந்து உள்ளே போனவள், மடிப்புக்கூடப் பிரிக்காத ஒரு பட்டுப் புடவையோடு வந்தாள். "எந்தப் பொண்ணுக்குச் சரின்றானோ அதுக்குன்னு எடுத்தது. பொட்டியிலயே கெடக்குது. உன் பையில எடம் இருக்குதா? அந்தப் பொண்ணாண்ட குடுத்துடு."

ஷெர்லின் புடவையை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். "யாரு குடுத்தாங்கன்னு கேட்டா என்ன சொல்றது? வருங்கால மாமியாருன்னு சொல்லிடவா?"

"மாமியாரு அவனுக்குத்தான்மா நானு, ரஞ்சனி எம் பொண்ணு" என்றாள் ஞானம்மா. "நீ அவகிட்ட, அம்மா குடுத்தாங்கன்னு சொல்லு."