ஏழாம் மாதச் சீட்டு

இந்தக் காலத்துச் சனம் கண்ணாடிக் கட்டடத்தைக் கண்டாலே நம்பிவிடுகிறது. மருமகன் மரியோவுக்கு ரொறன்ரோவில் ஒரு யப்பானிய வங்கியில் வேலை.

“கம்பனி கடனைக் கட்டாட்டி என்ன செய்வியள்?” என்று கேட்டேன்.

“பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக்கடன் குடுப்பம், மாமா.”

“உவங்களுக்கு விசரோ?”

“கம்பனி விழுந்தால் வங்கியின்ரை மானமும் போயிடுமெல்லே.”

விழுந்து விழுந்து சிரித்தேன். மரியோ தலையைச் சொறிந்தார்.

“மாமா, இந்த மாதமும் சீட்டுக்காசு கட்ட வழியில்லை.”

சிரிப்பு நின்றது. சீட்டுப் பிடிப்பவன் நான். மருமகனே கட்டவில்லையென்று தெரிந்தால் மற்றப் பத்தொன்பது பேரும் கட்டுவார்களா?

முந்நூறு டொலரை எடுத்துக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து என்னிடமே திருப்பித் தந்தார். ‘மரியோ கட்டியாச்சு’ என்று கொப்பியில் எழுதினேன். இது ஏழாவது மாதம்.

“யப்பான்காரனுக்கு மூளையே இல்லை” என்றபடி பஸ்ஸுக்கு நடந்தேன்.