ஒரே பிரதி

திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் அந்த மென்பொருளைக் கம்பெனி புதுக் கணினிகளுக்கு மட்டும்தான் செய்திருந்தது. பார்வையற்றவர்கள் வீட்டில் ஊமையாய்க் கிடந்த பழைய கணினிகளிலும் அது ஓடும்படி, சல்லிக்காசு வாங்காமல் மாற்றி எழுதினாள் பௌசியா. கம்பெனிக்குப் பெரிய மனசு, அனுமதி கொடுத்தது. ஆனால் அவளுடைய கணினி ஒன்றில்தான் அது இருக்கலாம், யாருக்கும் பிரதி தரக்கூடாது. அந்த நிபந்தனையை எழுதிய கம்பெனி அதிகாரி எட்வின், ஊரெல்லாம் அது பேசுகிறது என்று புகார் வந்ததும் தானே சோதிக்க வந்தார்.

அவள் பிரதி எடுக்கவே இல்லை. கணினிப் பெட்டியையே ஸ்கூட்டரில் சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நாள் முழுக்கப் பின்னாலேயே அலைந்தும் எட்வினுக்கு ஒரு மீறல்கூடச் சிக்கவில்லை. தான் எழுதியதை இத்தனை மதித்தவர்கள் யாருமில்லை என்று மலைப்பாக இருந்தது.

கடைசி வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை. பாதிப் படியில் பெட்டியை இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்.

"கை குடுக்கக் கூடாதுன்னு நிபந்தனையில எழுதலையே சார்?"

எட்வின் யோசித்தார். எழுதவில்லை. கையிலிருந்த ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். நல்ல கனம்.

மேலே கதவைத் திறந்து காத்திருந்த சபாபதி காதைத் தீட்டிக்கொண்டார். "பௌசியா, கூட யாரோட செருப்புச் சத்தம்?"

"கம்பெனிக்காரங்க சார். அவங்களே கொண்டாந்து குடுக்குறாங்க."