நாற்காலி வரைக்கும் சிக்னல்

இணையத்தில் படம் பார்க்க டிவியில் செருகிய புது ஸ்டிக்குக்கு மூன்று நாளாக வைஃபை கிடைக்கவில்லை. மெக்கானிக் வந்து, கைபேசியில் சிக்னலை அளந்தபடி கூடத்தில் நடந்தார். ரவுட்டரிலிருந்து மாமனாரின் நாற்காலி வரை முழுதாக இருந்தது. அதைத் தாண்டியதும் படுத்துவிட்டது.

"நடுவுல ஆள் உக்காந்திருந்தா இப்படிக் குறையும். இங்கதான் யாருமே இல்லையே," என்றார்.

மாமனார் தவறி ஆறு மாதம் ஆகிறது. இருந்தவரை டிவியை மறைத்துக்கொண்டுதான் உட்காருவார். தினமும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கும். அதே சலிப்போடு சொன்னேன்.

"மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

ஸ்டிக் இணைந்தது. மெக்கானிக் என்னைப் பார்க்காமலேயே பையை மூடினார்.

அவர் போனதும் சோபாவில் உட்கார்ந்து படம் போட்டேன். என் இடப்பக்கம் கிடந்த கைபேசியில் சிக்னல் படுத்துவிட்டது.

நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.