அளந்த பிறகு வெட்டு

மாலை வெயில் தையல் மேசையின் பாதி வரை ஏறிக் கிடக்கிறது. ஒரு பக்கம் வெட்டாத சட்டைத் துணி, மறுபக்கம் அவளுடைய லேப்டாப். கல்லூரியில் புரோகிராம் ஓடினாலே மதிப்பெண் கிடைத்தது, தங்கப் பதக்கமும் கிடைத்தது. இப்போது மருத்துவமனைக்குப் புரோகிராம் எழுதும்போது அது போதவில்லை. அதனால் எழுதியதை எல்லாம் தையல்காரக் கணவனுக்குப் படித்துக் காட்டுவதை வழக்கமாக்கியிருக்கிறாள். அவனுக்குப் புரியவில்லை என்றால் திருத்தி எழுதுவாள். "முதல்ல நோயாளியோட பழைய ரெக்கார்டை அழிக்கிறேன். அப்புறம் புதுசு சரியா பதிவாயிருக்கான்னு பாக்குறேன்." தையல் மெஷின் நிற்கிறது. "ஏம்மா, வெட்டிட்டு அப்புறமா அளப்பாங்க? புதுசு பதிவாகலைன்னா அந்த ஆளு கதி?"

அவள் திரையில் அந்த வரிகளைத் திரும்பப் படிக்கிறாள். பத்து முறை ஓட்டிப் பார்த்தும் கண்ணில் படாதது. சரிபார்க்கும் வரியை அழிக்கும் வரிக்கு மேலே ஏற்றுகிறாள். புதியது பதிவாகாமல் போவதுபோல் ஒரு சோதனையும் எழுதி ஓட்டுகிறாள். திரையில் பச்சை எழுத்து. பழைய ரெக்கார்டு பத்திரமாக இருக்கிறது. "மெடல் குடுத்தவங்க யாரும் இதைக் கேக்கலைங்க," என்கிறாள், சிரிப்பும் வெட்கமுமாக. புரோகிராமோடு மருத்துவமனைக்கு அனுப்பும் படிவத்தில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அதில் கணவன் பெயரைத் தட்டி, பக்கத்தில் 'தையல்காரர்' என்றும் சேர்க்கிறாள். அவன் எட்டிப் பார்க்கிறான், எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். பிறகு கழுத்தில் தொங்கும் அளவு நாடாவின் இரு முனைகளையும் நெஞ்சின் மேல் சமமாக இழுத்துவிட்டுக்கொள்கிறான்.