முதலாளி வேஷம்

வசனம் சொல்ல வேண்டிய இடத்தில் அஞ்சம்மாள் அக்கா வாயைத் திறக்கவில்லை.

ஒத்திகையிலும் இதே இடத்தில்தான் நின்றுவிடுவார். துணிமூட்டையைக் குழந்தையாகத் தோளில் போட்டுக்கொண்டு, செங்கல் சூளை முதலாளி முன்னால் வந்து நிற்பார். அதோடு சரி.

அந்த முதலாளி நான்தான். கோட்டக்குப்பத்து ஒல்லிப்பிச்சான் யாஹ்யா, வயிற்றில் துண்டைச் சுற்றிக் கட்டி, மீசை ஒட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுப் பூனைகூட என்னைப் பார்த்துப் பயப்படாது.

ஆனால் வேறு வழியில்லை. திண்டிவனத்துக்கு வெளியே இருக்கிற அந்த இருளர் குடியிருப்பில், முதலாளி வேஷம் போட ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற வேஷங்களில் நடித்தவர்கள் எல்லோரும் சூளையில் கல் அறுக்கிற பெண்கள். சாயங்கால வெயிலில் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களும் கல் அறுக்கிறவர்கள்தான்.

புதுச்சேரியில் நாடகம் படித்துவிட்டு வந்த ஃபஸீஹா, அந்தப் பெண்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக் கோத்து நாடகமாக்கியிருந்தாள். இந்தக் காட்சி, அஞ்சம்மாள் அக்காவின் காய்ச்சலில் இறந்துபோன குழந்தையைப் பற்றியது. நடிக்கவும் அவரே முன்வந்தார்.

ஒத்திகை நடுவில் டீ குடிக்கும்போதுகூட அந்த மூட்டையை அவர் கீழே வைக்க மாட்டார். ஒருநாள் கூட நடிக்கிற முனியம்மாள் வேடிக்கையாக அதைப் பிடுங்கப் போனாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

இந்த மாதிரி நாடகத்துக்கு ஒரு விதி உண்டு. முதலாளி அநியாயம் பேசும்போது, பார்க்கிறவர்களில் யாராவது கைதட்டி நிறுத்தலாம். எழுந்து வந்து அக்காவின் இடத்தில் நின்று, வேறு மாதிரி பேசிப் பார்க்கலாம். அப்படி ஒருவர் வந்து மல்லுக்கட்டும் வரை முதலாளி இளகவே கூடாது. இளகினால் நாடகம் செத்தது என்று ஃபஸீஹா எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

“சொல்லுக்கா” என்று ஓரத்திலிருந்து ஃபஸீஹா கிசுகிசுத்தாள்.

அக்கா மூட்டையில் நெற்றி இருக்க வேண்டிய இடத்தைப் புறங்கையால் தொட்டார். சுட்டதுபோல வெடுக்கென்று கையை எடுத்தார். அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு வசனம் வந்தது.

“கொயந்தைக்கு ஒடம்பு கொதிக்குது மொதலாளி. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும். உடுங்க மொதலாளி.”

அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

“லோடு நிக்குது, அறுத்துட்டுப் போ” என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சூளையிலும் இப்படித்தான் குனிந்துகொள்வார்கள் போலிருக்கிறது.

நான் இன்னொரு தரம் விரட்ட வேண்டும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை, நாடகத்திலாவது அந்தக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமே என்று தோன்றிவிட்டது.

“சரி, ஜல்தி கெளம்பு. என் வண்டிலயே இட்டுக்கினு போறேன்.”

விசில் பறந்தது. கைதட்டல் அள்ளியது. ஃபஸீஹா தலையில் அடித்துக்கொண்டாள். நானோ பூரித்துப் போனேன். அக்காவுக்கு ஏதோ பெரிதாகக் கொடுத்துவிட்டதாக நினைப்பு.

அக்கா நகரவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. மெல்ல என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

“கேட்டிருந்தா உட்டிருப்பீங்களா மொதலாளி? நான் கேக்கவே இல்லியே. பயந்துக்கினு கல்ல அறுத்துக்கினே இருந்துட்டனே.”



ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை, குழந்தை செத்துப்போனது. அவர் எங்களிடம் சொன்னது இவ்வளவுதான். நடுவில் அவர் கேட்டதாகவும் முதலாளி மறுத்ததாகவும் சேர்த்தவர்கள் நாங்கள். தாய் என்றால் கேட்டிருப்பாள், முதலாளி என்றால் மறுத்திருப்பான், இதையெல்லாம் போய் விசாரிக்க வேண்டுமா என்று இருந்துவிட்டோம்.

அந்த நிஜ முதலாளி என்ன சொல்லியிருப்பானோ, யாருக்குத் தெரியும்? விட்டிருந்தாலும் விட்டிருப்பான். ஆனால் அக்கா இப்போது கேட்டுக்கொண்டு நிற்பது என்னிடம். விட்டிருப்பேன் என்று நான் சொன்னால், குழந்தையை அவரே கொன்றதாக ஆகிவிடும்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நான் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தேன். ஒத்திகையில் ஒருநாளும் வராத குரல் அப்போது வந்தது.

“நீ தலகீழா நின்னு கேட்டிருந்தாலும் உட்டிருக்க மாட்டேன். போடி, போய்க் கல்ல அறு!”

கூட்டம் கொதித்து எழுந்தது. மண்ணை வாரி இறைத்தார்கள். ஒரு செருப்பு பறந்து வந்து என் தோளில் விழுந்தது. ஃபஸீஹா என் பெயரைச் சொல்லி ஏதோ கத்தினாள்.

அஞ்சம்மாள் அக்கா என்னைக் கும்பிட்டார்.