பேச்சாயிக்குப் பதினோரு பக்கம்

‘பேச்சாயி. எட்டு நாற்பது. இடது கையால் தலைமுடியை ஒதுக்கினாள், மூன்று விநாடி. பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள், நான்கு விநாடி.’

புருஷன் சூசையின் நோட்டில் இதைப் படித்ததும் லூர்தம்மாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. இங்கிலீஷில்தான் எழுதியிருந்தான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவளுக்கு அது புரியாமல் போகுமா? பக்கங்களைப் புரட்டினாள். மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்க்கும் பத்துப் பெண்களில் ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஒரு பக்கம். பேச்சாயிக்கு மட்டும் பதினோரு பக்கம்.

சூசை ஏற்கெனவே இன்ஜினீயர். அது போதாதென்று பம்பாய்க்கு மேல்படிப்புப் படிக்கப் போயிருந்தான். இயந்திரத்தையும் படிக்க வேண்டும், கம்பெனியை நடத்துவது எப்படி என்றும் படிக்க வேண்டும். இரண்டும் கலந்த அந்தப் படிப்பை 1966-ல் மேட்டுப்பட்டித் தெருவில் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. கடைசி மூன்று மாதம் ஏதாவது ஒரு மில்லில் வேலை நடப்பதைக் கவனித்து ரிப்போர்ட் எழுத வேண்டும் என்பதால் ஊருக்கு வந்திருந்தான். தினமும் காலையில் பையில் ஸ்டாப் வாட்சைப் போட்டுக்கொண்டு, வேடசந்தூர் பக்கம் இருக்கும் மில்லுக்கு பஸ் ஏறிவிடுவான்.

ஒன்றே முக்கால் வருஷம் கழித்து வீட்டுக்கு வந்த மனுஷன். லூர்தம்மாள் சின்னாளபட்டிச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றால், ரசத்தில் உப்பு குறைச்சல் என்கிறான். அவள் புதுக் கம்மல் போட்டு ஒரு வாரமாகியும் இன்னும் அவன் கண்ணில் படவில்லை. எவளோ ஒருத்தி தலைமுடியை ஒதுக்கினால் மட்டும் விநாடி தவறாமல் தெரிகிறது.

கேட்டதற்குச் சூசை சிரித்தான். முடியை ஒதுக்குவது வேலைக்கு உதவாத அசைவாம், அதையும் குறித்தாக வேண்டுமாம். நூலைச் சிட்டமாகச் சுற்றி எடுப்பதில் பேச்சாயியை மிஞ்ச அங்கே ஆளே இல்லையாம்.

“எல்லாருக்கும் கடைசியா வேலைக்கு வந்த புள்ள, லூர்து. இருவது வருசமா இருக்கவங்களையே தூக்கிச் சாப்பிட்டுருது. அதை வச்சுத்தான் நான் கணக்கே போட்டிருக்கேன்.”

அவன் ‘புள்ள’ என்று சொன்ன விதம் லூர்தம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே உலையைத் தாமதமாக வைத்தாள். சூசை சாப்பாடு எடுக்காமல் கிளம்பிவிட்டான். பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்து, தூக்குச்சட்டியும் கையுமாக அவளே மில்லில் போய் இறங்கினாள்.

ரீலிங் பிரிவின் வாசலில் நின்று பார்த்தாள். கையில் வாட்சோடு சூசை. அவனுக்கு நான்கடி தள்ளிப் பேச்சாயி. இருபது வயதுக்கு மேல் இராது. கறுப்பாக, நல்ல லட்சணமாக இருந்தாள். பெண்டாட்டி வந்து நிற்பதுகூடத் தெரியாமல், கண் கொட்டாமல் சூசை பேச்சாயியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விரல்களைத்தான் பார்த்தான். பொறாமைக்காரிக்கு அந்த வித்தியாசமெல்லாம் எங்கே தெரியப்போகிறது? தூக்குச்சட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் சூசை செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். அழுதாள். பெட்டியைக் கீழே இறக்கினாள். சாணார்பட்டியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னாள்.

“இனிமே அவளப் பாக்க மாட்டேன்னு சொல்லுங்க. இல்லாட்டி நான் போறேன்.”

“பாக்க வேண்டிய தேவையே இல்ல லூர்து. இன்னைக்குக் கடைசியா ஒரு தடவ சரிபாத்துட்டு ரிப்போர்ட்ட மொதலாளி கையில குடுத்துட்டேன்.”

பெட்டி மறுபடியும் பரணுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, கம்மல் புதுசா என்று சூசை கேட்டான். லூர்தம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாள் போயிருக்கும். ரிப்போர்ட்டின் இன்னொரு பிரதியைப் பம்பாய்க்குத் தபாலில் அனுப்பிவிட்டு வருவதாகச் சூசை வெளியே போயிருந்தான். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், பேச்சாயி. ஐயா இருக்கிறாரா என்று கேட்டாள்.

வீடு தேடி வருமளவுக்குத் துணிந்துவிட்டாளே என்று லூர்தம்மாளுக்குப் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. உள்ளே வரவிடாமல் நிலையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“அவருகிட்ட ஒனக்கு என்ன வேலை?”

பேச்சாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நான் செய்யிற வேகத்துல எல்லாரும் செஞ்சா, பத்துப் பேரு வேலைக்கு ஏழு பேரே போதும்னு ஐயா எழுதிக் குடுத்துட்டாகளாம். கடைசியா சேந்த மூணு பேர வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாக. நாந்தான் தாயி அதுல ஆகக் கடைசி.”

லூர்தம்மாள் நிலையிலிருந்து தானாக விலகி வழிவிட்டாள். பேச்சாயி உள்ளே வரவில்லை.

“பெரிய படிப்புப் படிச்சவுக பக்கத்துல நிக்கவும், பயத்துல வெரசாச் செஞ்சுட்டேன். இன்னொரு தடவ வந்து என்னையப் பாக்கச் சொல்லுங்கம்மா. மெதுவாச் செய்யிறேன்.”