இரண்டாவது திரி

விழுப்புரத்தில் அந்தத் துணிக்கடை திறப்பதற்கு முன்பே ரோடு அடைத்துவிட்டது.

ஃப்ளெக்ஸில் வெண்ணிலா மைக்கோடு சிரித்தாள். ‘திண்டிவனத்துக் குயில்’ என்று போட்டிருந்தார்கள். டிவி பாட்டுப் போட்டியில் அவள் ஜெயிக்கக்கூட இல்லை. கடைசிச் சுற்றுக்கு முந்தின வாரமே வெளியே அனுப்பிவிட்டார்கள். கடை திறக்க அது போதும்.

நான் நைட் டூட்டி முடித்து, தூங்காமல், திண்டிவனத்தில் பஸ் ஏறி வந்திருந்தேன். மில்லில் கொடுத்த நீலச் சட்டைதான் போட்டிருந்தேன். அதே மாதிரி இன்னொன்று இருந்தது. கொடியில் காயும்போது காணாமல் போய்விட்டது.

அவள் கூட்டத்தில் என்னைப் பார்த்து ஒரு தடவை கையாட்ட வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

“யோவ் நீலச்சட்ட, கொஞ்சம் ஒதுங்குயா. செல்ஃபியில உன் மண்டதான் வருது” என்றான் பின்னால் ஒருவன்.

ஒதுங்கினேன்.

அந்த நிகழ்ச்சியை நான் பார்த்ததே இல்லை. அது ஓடும் நேரம் மில் கேட்டில் இருப்பேன். என்னுடையது பட்டன் போன். வாராவாரம் ஓட்டு மட்டும் போட்டேன். எப்படிப் பாடினாள் என்று தெருவில் கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பன் இல்லாத பொண்ணுண்ணா. செத்துப்போன அப்பாவோட சட்டைய மடியில வச்சிக்கினு பாடுச்சே, நீ பாக்கலயா? நீலச் சட்ட. எங்க வூட்ல அன்னிக்கு ஒருத்தரும் சோறு துன்னல.”

நான் கைகளை மார்பில் கட்டிக்கொண்டேன்.

கார் வந்தது. வெண்ணிலா அவள் அம்மாவோடு இறங்கினாள். விசில் காதைக் கிழித்தது. நாலு பக்கமும் கையாட்டிக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்தாள்.

கை நின்றுவிட்டது.

அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் படியேறினார்கள்.

குத்துவிளக்கில் முதல் திரியை வெண்ணிலா ஏற்றினாள். கடைக்காரர் மனைவி யோசிக்காமல் மெழுகுவர்த்தியை வாங்கி, இரண்டாவது திரிக்கு அவள் அம்மாவிடம் நீட்டினார்.

அந்த அம்மா ஓரடி பின்னால் போனாள்.

“நான் ஏத்தக் கூடாதுங்க. நீங்களே ஏத்துங்க.”

மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது. கூட்டம் மொத்தமும் உச்சுக் கொட்டியது. பக்கத்துப் பெண் குழந்தையின் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலையில் பூ இல்லை. நெற்றியில் ஒன்றும் இல்லை. சேலையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

காலையில் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இதே பரிமளா கண்ணாடி முன் நின்று குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“கும்பலா இருக்கும், நீங்க வராதீங்க. சோறு மூடி வச்சிருக்கேன். துன்னுட்டுத் தூங்குங்க” என்றாள்.